மிஷின் மூச்சும் முறைத் தண்ணீரும்

என் மனைவியின் நெஞ்சுக்குள் ஒரு மிஷின் காற்றைத் தள்ளிக்கொண்டிருந்த நாட்களில்தான் மனித இதயம் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டேன். அதற்கு முன்னால் எனக்குத் தெரியாத விஷயம் என்று பெரிதாக எதுவும் இருந்ததில்லை.

நான் படித்தது நான்காம் வகுப்பு வரை. அதற்கு மேல் படித்தவர்கள் பலர் என்னிடம் வேலை பார்த்திருக்கிறார்கள். நாற்றுக்கட்டு சுமந்தேன். நடவுக்கு ஆள் கூட்டிப்போகும் மேஸ்திரி ஆனேன். பிறகு டிராக்டர், அதற்குப் பிறகு அறுப்பு மிஷின். எந்த மிராசுதாரர் வயலில் என் அப்பா கூலிக்குக் குனிந்தாரோ, அந்த வயலின் பட்டா இன்று என் பெயரில் இருக்கிறது. தாலுகா ஆபீசில் எனக்கு நாற்காலி போடுவார்கள். எங்கள் தெருவிலிருந்து திருக்கடையூருக்குப் போய் அறுபதாம் கல்யாணம் செய்துகொண்ட முதல் ஆள் நான். எழுபதுக்கும் அங்கேதான் என்று ஐயரிடம் சொல்லி, நாள் குறித்து, பத்திரிகையும் அடித்தாகிவிட்டது. பத்திரிகையில் என் பெயருக்குப் பக்கத்தில் அவள் பெயர் இருந்தது. திருக்கடையூரில் ஆண்பிள்ளை தனியாகப் போய் உட்கார முடியாது. பெண்டாட்டி பக்கத்தில் இருக்க வேண்டும். அங்கே அதுதான் ஒரே சட்டம்.

அந்த நேரம் பார்த்து அவளுக்குக் காய்ச்சல் வந்தது.

சம்பா நடவு நடந்துகொண்டிருந்தது. மழையில் வரப்பில் நின்று ஆட்களை விரட்டிவிட்டு வந்தாள். இருமினாள். கஷாயம் குடித்தாள். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். அதை என்னிடம் சொல்லவில்லை. கேட்டதற்கு, "முதுகு வலிக்குது, ஒங்களுக்கு என்ன" என்றாள். உதடு நீலம் பாரித்த பிறகுதான் காரில் ஏற்றித் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நெஞ்சு முழுக்க நிமோனியா என்றார்கள். இதயமும் பலவீனமாக இருக்கிறது, எப்போதோ ஓர் அட்டாக் வந்து போயிருக்கிறது, எப்போது என்று தெரியுமா என்று கேட்டார்கள். எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் என்னைப் பார்க்காமல் போவதில்லை, அது எப்படிப் போனது என்று தெரியவில்லை என்றேன்.

வாயில் குழாய் வைத்து வெண்டிலேட்டரில் போட்டார்கள்.

எங்கள் பக்கத்தில் வெண்டிலேட்டர் என்ற சொல்லுக்கு ஓர் அர்த்தம்தான். ஊருக்குப் போன் போய்ச் சேர்ந்ததும் உறவுக்காரர்கள் என்னிடம் எப்படி இருக்கிறாள் என்று கேட்கவில்லை. எப்போது கிளம்பலாம் என்று கேட்டார்கள். ஐஸ் பெட்டி வாடகைக்கு விடுகிறவர் தானாகவே கூப்பிட்டு, வீடு அதே வீடுதானா, மாடிக்குக் குடிபோய்விட்டீர்களா என்று விசாரித்தார். கீழேதான் இருக்கிறோம் என்றேன். தொழிலில் அப்படி முந்திக்கொள்கிறவர்களை எனக்குப் பிடிக்கும். ஆனாலும் அவர் நம்பரை அழித்துவிட்டேன்.

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் இரும்பு நாற்காலிகள் போட்டிருந்தன. எனக்குத் துணையாக உட்கார்ந்திருந்தவர் என் சம்பந்தி. என் மகளுக்கு மாமனார், நாகூர்ப் பக்கம் பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர். ஒரு கேள்விக்கு ஒரு பதில் இருக்கிறது என்று நம்புகிறவர்.

குழாய் வைத்த கொஞ்ச நேரத்தில் டாக்டரம்மா வெளியே வந்தார். சின்ன வயது. சீர்காழிப் பக்கம். அவருடைய அப்பாவுக்கும் விவசாயம்தானாம். எத்தனை ஏக்கர் என்று கேட்டேன், சொன்னார். என்னைவிடக் குறைவு.

"ஐயா, மிஷின் போட்டதும் பிபி எறங்கிருச்சு. எதிர்பாத்ததுதான். மருந்து போயிட்டு இருக்கு, சலைன் ஏத்தியிருக்கோம்."

"காத்து இல்லாமதானே அவ கஷ்டப்பட்டா. காத்து குடுத்தா தேறணும்ல? ஏன் எறங்குது?"

அவர் போகாமல் நின்று சொன்னார். அதற்காகவே அவர்மேல் எனக்கு மரியாதை வந்தது. "நாம மூச்சு இழுக்கறப்ப நெஞ்சுக்குள்ள அழுத்தம் குறையுது ஐயா. அந்த இழுப்புல காத்து மட்டும் வரல, உடம்புல இருக்கற ரத்தமும் நெஞ்சைப் பாத்து வருது. மிஷின் இழுக்காது, தள்ளும். தள்றப்ப நெஞ்சுக்குள்ள அழுத்தம் ஏறிடும். திரும்பி வர்ற ரத்தம் தயங்கி நிக்கும். இதயத்துக்கு வர்றது கொறைஞ்சா அது வெளிய அனுப்பறதும் கொறையும். அதான் பிபி எறங்குது."

நான் ஒரு நிமிடம் யோசித்தேன். "அமாவாசைக்குக் கடல் ஏறினா நம்ம வடிகால் வடியாம முட்டிக்கிட்டு நிக்கும். அதானே?"

"கிட்டத்தட்ட அதான்" என்றார்.

நான் நாற்காலிக்குத் திரும்பி வந்து சம்பந்திக்கு எல்லாவற்றையும் விளக்கினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இதை டாக்டர் சொன்னாங்களா, நீங்க சொன்னீங்களா?"

"நான் சொன்னேன். அவங்க ஒத்துக்கிட்டாங்க."

"எதை?"

"என்னை."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பேப்பரைப் பிரித்தார்.

எனக்கு ஒரு விஷயம் புரிந்துவிட்டால் அடுத்த முடிவுக்குப் போக நேரம் ஆகாது. மிஷின் நெஞ்சை அழுத்துகிறது, இதயத்துக்கு ரத்தம் வரவிடாமல் செய்கிறது. ஆகவே மிஷின்தான் அவளுக்கு எதிரி. எவ்வளவு சீக்கிரம் கழற்றுகிறோமோ அவ்வளவு நல்லது. தினமும் காலையில் டாக்டரம்மா வரும்போது எழுந்து நின்று, இன்றைக்குக் கழற்றிவிடலாமா என்று கேட்பேன். அவர் பொறுமையாக, "நுரையீரல்ல இன்னும் சளி இருக்கு ஐயா. அதுக்கு அழுத்தம் வேணும். ஆனா இதயம் தாங்கற அளவுக்குத்தான் குடுக்கணும். ரெண்டுக்கும் நடுவுல வச்சு ஓட்டிட்டு இருக்கோம்" என்பார். நடுவில் ஓட்டுவது எனக்குப் பழக்கமில்லாத விஷயம்.

பார்வை நேரத்தில் ஒருவரை மட்டும் உள்ளே விடுவார்கள். பச்சை அங்கியை மாட்டிக்கொண்டு போவேன். மயக்க மருந்தில் கண்ணை மூடிக் கிடப்பாள். நெஞ்சு ஏறி இறங்கும். ஆனால் அது அவள் ஏற்றுவதில்லை, மிஷின் ஏற்றுவது. வாசலில் உட்கார்ந்திருக்கிற மற்ற வீட்டுக்காரர்கள் ஏதேதோ சொல்லியிருந்தார்கள். உயிர் போன பிறகும் மிஷின் மூச்சை ஓட்டிக்கொண்டே இருக்கும், பார்க்கிறவனுக்குத் தெரியாது என்று. நான் அதையெல்லாம் நம்புகிற ஆள் இல்லை. இருந்தாலும் போர்வையை விலக்கி உள்ளங்காலில் நகத்தால் கீறிப் பார்த்தேன். காலை வெடுக்கென்று இழுத்தாள்.

பக்கத்தில் நின்ற சிஸ்டர் பார்த்துவிட்டது. "தாத்தா, என்ன பண்றீங்க?"

"உசுரு இருக்கான்னு பாத்தேன்."

"மானிட்டர்ல ஓடுதே, தெரியல?"

"மானிட்டர் ஒங்க ஆளு. கால் எங்க ஆளு."

அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு போர்வையை இழுத்து மூடியது. என்னைத் தாத்தா என்று கூப்பிட்டதைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

சளி குறைந்தது. மருந்தைக் குறைத்ததும் கண் விழித்தாள். வாயில் குழாய் இருப்பதால் பேச முடியாது. தலையை ஆட்டுவாள், கையைக் காட்டுவாள். கல்யாணம் ஆனதிலிருந்து நான் பேசி அவள் கேட்டுக்கொண்டிருந்தது அந்த நாட்களில்தான். திருக்கடையூருக்கு இன்னும் நாள் இருக்கிறது, ஐயரிடம் பேசிவிட்டேன் என்றேன். கண்ணை மூடிக்கொண்டாள். தூக்கமா, வேறு எதுவுமா என்று கேட்க வழி இல்லை.

ஒரு காலை டாக்டரம்மா வெளியே வந்து, "இன்னிக்கு முயற்சி பண்ணிப் பாக்கப் போறோம். மிஷினோட ஒத்தாசையை ரொம்பக் கொறைச்சிட்டு அவங்களையே மூச்சு விடச் சொல்வோம். அரை மணி நேரம். நல்லா இருந்தா குழாயை எடுக்கறதைப் பத்தி யோசிப்போம். இல்லைன்னா திரும்ப மிஷினுக்கே விட்டுடுவோம். பயப்படாம இருக்க நீங்க பக்கத்துல நில்லுங்க" என்றார்.

அரை மணி நேரம் உங்களுக்கு, பிறகு மிஷினுக்கு. இது எனக்குத் தெரியாததா? மேட்டூரில் தண்ணீர் குறைந்துவிட்டால் எங்களுக்கு முறை வைத்துத்தான் விடுவார்கள். வாய்க்காலில் இந்த மடைக்கு இவ்வளவு நேரம். நேரம் முடிந்ததும் மடைப் பலகையைப் போட்டு அடைத்துவிட வேண்டும், அடுத்தவன் திறந்துகொள்வான். சட்டம் அப்படி. நடப்பு என்னவென்றால், முறை முடிந்தது என்று ஒத்துக்கொண்டு அடைக்கிறவன் வயல்தான் காயும். ஆகவே யாரும் ஒத்துக்கொள்வதில்லை. எங்கள் முறை முடியும் நேரத்தில் நான் வாய்க்கால் கரையில் நின்று கடிகாரத்தைப் பற்றி அடுத்த வயல்காரனோடு சண்டை போடுவேன். அவள் எங்கள் மடைப் பலகையைக் கழற்றி வரப்பில் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொள்வாள். பலகை இல்லாமல் எப்படி அடைப்பது? பெண்பிள்ளையைத் தொட்டு எழுப்ப எந்த ஆம்பளைக்கும் துணிச்சல் இல்லை. எங்கள் பயிர் ஒரு கோடையிலும் காய்ந்ததில்லை. அதற்குக் காரணம் என் வாய் என்று ஊரில் சொல்வார்கள். ஓரளவு சரிதான்.

உள்ளே போய் அவள் காதில் குனிந்து சொன்னேன். "இந்தா, நம்ம முறை வந்திருக்கு. அரை மணி நேரம்கறாங்க. அடைக்க விட்டுராத."

அவள் தலையை அசைத்தாள். கண்ணில் பழைய தெளிவு வந்திருந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது.

டாக்டரம்மா மிஷினில் எதையோ திருகிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். அவளாக மூச்சு விட்டாள். முதலில் நன்றாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரம் போனதும் மூக்கு விடைத்தது. கழுத்து நரம்பு எழும்பியது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

சிஸ்டர் குனிந்து கேட்டது. "அம்மா, மூச்சு முட்டுதா?"

இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"கஷ்டமா இருந்தா சொல்லுங்கம்மா."

இன்னும் பலமாக ஆட்டினாள். நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. என்னைப் பார்த்தாள். நான் கட்டை விரலை உயர்த்திக் காட்டினேன். மானிட்டரில் நாடி ஏறியது, பிபி ஏறியது. பிபி இறங்கினால்தான் கெடுதல் என்று எனக்குத் தெரியும். ஆகவே ஏறியதைப் பார்த்து நல்லது என்று நினைத்தேன். சிஸ்டர் அப்படி நினைக்கவில்லை. "டாக்டர்" என்று கூப்பிட்டது. குழாய்க்குள் இளஞ்சிவப்பாக நுரை ஏறி வந்ததை அப்போதுதான் பார்த்தேன். டாக்டரம்மா ஓடி வந்து மிஷினைத் திரும்பப் பழையபடி வைத்தார். என்னை வெளியே போகச் சொன்னார்கள்.

வெளியே சம்பந்தி பேப்பரை மடித்தார். "என்ன சம்பந்தி?"

நான் நாற்காலியில் உட்கார்ந்து தரையைப் பார்த்தேன். நான் பதில் சொல்லாமல் இருந்ததை அவர் அதற்கு முன் பார்த்ததில்லை. கேன்டீனுக்குப் போய் டீ வாங்கி வந்து கையில் கொடுத்தார். சர்க்கரை போட்ட டீ. எனக்குச் சர்க்கரை வியாதி என்று அவருக்குத் தெரியும். குடித்தேன்.

மதியத்துக்கு மேல் டாக்டரம்மா வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். டாக்டர்கள் உட்கார்ந்தால் நமக்குப் பயமாக இருக்கிறது.

"இப்ப பரவால்ல. ஐயா, அவங்க இதயம் பலவீனம்னு சொன்னேன்ல. மிஷின் நெஞ்சுக்குள்ள அழுத்தம் குடுத்துட்டு இருந்தவரைக்கும் இதயத்துக்குத் திரும்பி வர்ற ரத்தம் அளவா வந்துச்சு. வெளிய தள்றதுக்கும் ஒத்தாசையா இருந்துச்சு. அந்த அழுத்தத்தை எடுத்ததும் ரத்தம் மொத்தமா உள்ள வந்துருச்சு. அவங்க வேற தம் கட்டி மூச்சை இழுத்தாங்க, அதுவும் இதயத்துக்குத்தான் பளு. அனுப்ப முடியாம தேங்கி நுரையீரல்ல நீர் கோத்துக்கிச்சு."

"அந்த மிஷின் நல்லதா, கெட்டதா? ஒரு சொல்லா சொல்லுங்க. அன்னிக்கு அதுதான் பிபியை எறக்குச்சுன்னீங்க. இன்னிக்கு அதுதான் தாங்கிச்சுங்கறீங்க."

"ரெண்டும்தான். அன்னிக்கு அவங்க உடம்பு வத்திக் கெடந்துச்சு, அதனால கெடுதல் பண்ணுச்சு. இப்ப நீர் சேந்து கெடக்கு. அதே அழுத்தம் இப்ப ஒத்தாசை."

ஓர் ஆளைப் பற்றி நான் ஒரு கருத்துச் சொன்னால் மாற்றிக்கொள்வதில்லை. ஒரு மிஷினுக்காக அன்றைக்கு மாற்றிக்கொண்டேன். சம்பந்தியிடம் மட்டும், முதலிலிருந்தே நான் அப்படித்தான் சொல்லி வருகிறேன் என்றேன். அவர், ஆமாம் ஆமாம் என்றார்.

டாக்டரம்மா எழுந்திருக்கவில்லை. "ஒரு விஷயம் புரியல ஐயா. மானிட்டர்ல எல்லாம் ஏறுது, அவங்க முடியும் முடியும்னே தலையாட்டறாங்க. கஷ்டம்னு முன்னாடியே காட்டியிருந்தா இவ்வளவு தூரம் போயிருக்காது. ஏன் சொல்லல?"

"எங்க வீட்ல முறையை விட்டுக் குடுக்கற வழக்கம் இல்லீங்க" என்று ஆரம்பித்து, மடை, பலகை, கடிகாரச் சண்டை எல்லாம் சொன்னேன். காலையில் அவள் காதில் சொன்னதையும் சொன்னேன். விவசாயி வீட்டுப் பெண்ணாயிற்றே, ரசிப்பார் என்று நினைத்தேன். அவர் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எங்க அம்மாவும் பலகை மேல உக்காந்திருக்காங்க" என்றார். பிறகு, "மருந்து குடுத்து நீரை எறக்கறோம். நாளைக்குத் திரும்ப முயற்சி பண்ணுவோம். நீங்க உள்ள போய் அவங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு சொல்லணும். முடியலைன்னா கையைத் தூக்கச் சொல்லுங்க. நான் சொல்லிப் பாத்துட்டேன், கேக்க மாட்டேங்கறாங்க."

"நான் சொன்னா கேப்பாளா?"

"இன்னிக்குக் கேட்டாங்களே."

ஊரில் பஞ்சாயத்துப் பேசியிருக்கிறேன். தண்ணீர் திறக்கச் சொல்லி கலெக்டர் ஆபீஸ் வாசலில் மைக் பிடித்திருக்கிறேன். அந்தப் பச்சை அங்கியை மாட்டிக்கொண்டு அந்தக் கட்டிலுக்குப் போவதற்குள் என்ன சொல்வது என்று இரண்டு முறை ஒத்திகை பார்த்தேன். அவள் விழித்துத்தான் இருந்தாள். உதடு காய்ந்திருந்தது. தோற்றுவிட்ட முகம். பயிர் காய்ந்தவர்கள் முகம் அப்படி இருக்கும். அவள் முகத்தில் நான் அதைப் பார்த்ததில்லை.

"இந்தா புள்ள. நாளைக்கு அவங்க கேக்கறப்ப முடியலைன்னா கையைத் தூக்கிரு. அடைச்சுக்கட்டும். அடுத்த முறை வரும்."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு எனக்குப் பின்னால் பார்த்தாள். வேறு யாராவது வந்து பேசுகிறார்களோ என்று தேடுவது போல இருந்தது.

"நெசமாத்தான் சொல்றேன். பலகையைக் குடுத்துரு."

அவள் கண்ணிலிருந்து தண்ணீர் காதுப் பக்கம் வழிந்தது. படுத்துக்கிடக்கிறவர்களுக்கு அப்படி வழிவது சகஜம்தான் என்று சிஸ்டர் துடைத்துவிட்டது. என்னையும் ஒரு முறை பார்த்துவிட்டு, பஞ்சில் இன்னொரு துண்டு பிய்த்து என் கையில் கொடுத்தது. அந்த அறையில் ஏசி அதிகம்.

நீர் பிரிய மருந்து கொடுத்தார்கள். பை பையாக இறங்கியது. மறுநாள் திரும்ப முயற்சி செய்தார்கள். கொஞ்ச நேரத்திலேயே கையைத் தூக்கிவிட்டாள். சிஸ்டர் கேட்பதற்கு முன்னாலேயே. டாக்டரம்மா, "ரொம்ப நல்லதும்மா" என்று சொல்லி மிஷினுக்கு விட்டார். வெளியே வந்து சம்பந்தியிடம், கையைத் தூக்கிவிட்டாள் என்று சொன்னேன். அவள் சம்பா அறுவடை முடித்து வந்ததுபோல் அதைச் சொன்னேன் என்று அவர் பின்னால் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். வாத்தியார்களுக்கு எதையும் கூட்டிச் சொல்கிற பழக்கம் உண்டு.

அதற்கு அடுத்த முறை கையைத் தூக்கவில்லை. நான் பக்கத்தில் நின்றேன். கட்டை விரலை அங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டேன். அரை மணி நேரமும் அவள் மூச்சு சீராக இருந்தது. அது நடிப்பு இல்லையா என்று டாக்டரம்மா மானிட்டரைப் பார்த்தார், எக்கோ வைத்துப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை என்றேன். குழாயை எடுத்தார்கள். எடுத்த கையோடு மூக்கையும் வாயையும் மூடி ஒரு மாஸ்க்கை இறுக்கிக் கட்டி, அதன் வழியாகக் கொஞ்சம் அழுத்தம் கொடுத்தார்கள். மதகை ஒரேயடியாக ஏற்றக்கூடாது அல்லவா. இதை நான் சொல்லவில்லை, நினைத்தேன்.

மாஸ்க்கை எடுத்த பிறகு அவள் சொன்ன முதல் பேச்சு, கட்டைத் தொண்டையில், "நடவு முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

"யாரு நின்னு பாத்தா?"

"யாரும் நிக்கல."

"வரிசை கோணலா இருக்கும்" என்றாள். கோணலாகத்தான் இருந்தது.

திருக்கடையூருக்குக் குறித்த நாளில் போக முடியவில்லை. தை பிறந்த பிறகு வேறு நாள் பார்த்துப் போனோம். பத்திரிகையில் தேதியை அடித்துத் திருத்தியே கொடுத்தேன். வந்தவர்கள் எல்லோரும் காரணம் கேட்டார்கள், எல்லோருக்கும் நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறினால் ரத்தம் எப்படித் தயங்கும், இறங்கினால் எப்படி மொத்தமாக வரும் என்று விளக்கினேன். ஐஸ் பெட்டிக்காரரும் வந்திருந்தார். அவருக்குக் கொஞ்சம் கூடுதலாக விளக்கினேன்.

இதயம் பலவீனம் என்பதால் அவளுக்கு இப்போது தண்ணீருக்கு அளவு உண்டு. காலையில் ஒரு சொம்பில் ஊற்றி வைத்துக்கொள்வாள். காபி, மோர், ரசம் எல்லாம் அந்தக் கணக்கில்தான். சொம்பு காலியானால் முடிந்தது. நான் வேண்டுமானால் யாருக்கும் தெரியாமல் கொஞ்சம் ஊற்றட்டுமா என்று கேட்டால், "பலகையைப் போட்டாச்சு, போங்க" என்பாள்.

கோவில் மண்டபத்தில் எங்களை மணையில் உட்கார வைத்தார்கள். சுற்றிலும் நூல் சுற்றிய கலசங்கள், வரிசை வரிசையாக. மந்திரம் முடிந்து பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், உறவுக்காரர்கள், கடைசியில் சம்பந்தி என்று ஆளுக்கொரு கலசமாக எடுத்து எங்கள் தலையில் ஊற்றினார்கள். முகத்தில் வழிகிற தண்ணீரைத் துடைக்கக்கூட விடவில்லை. குடம் குடமாக இறங்கியது. அவள் கண்ணை மூடி, வாயை இறுக்கி மூடி, ஆடாமல் உட்கார்ந்திருந்தாள். நடுவில் ஒரு கணம் விட்டபோது என் பக்கம் சாய்ந்தாள்.

"ஏங்க, இதெல்லாம் வெளிய ஊத்தறதுதானே. சொம்புக் கணக்குல சேராதே?"

"சேராது."

"டாக்டரம்மாவைக் கேட்டீங்களா?"

கேட்கவில்லை. அவள் கையைத் தூக்கினாள். கலசத்தோடு நின்ற சம்பந்தி அப்படியே நின்றுவிட்டார். ஐயர் எங்களைப் பார்த்தார். நான் ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, மகளிடமிருந்த போனை வாங்கி டாக்டரம்மாவைக் கூப்பிட்டேன்.